வெறுங்கல்லில் தார்

கணவன் சட்டையில் புது வாசனை வருகிறது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த பெண்களை எங்கள் அலுவலகம் நிறையப் பார்த்திருக்கிறது. இருந்த வாசனை போய்விட்டது என்று வந்தவள் இவள் ஒருத்திதான்.

அலுவலகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரு மேசை, மூன்று நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் ஆடும். என் அண்ணன் தொடங்கிய துப்பறியும் நிலையம் இது. அண்ணன் போன பிறகு அண்ணி நடத்துகிறார். பெயர்ப்பலகை மாறவில்லை, வழக்குகள் முடிகிற வேகம்தான் மாறியது. நான் இருபத்தாறு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கால் ஆடுகிற நாற்காலி எனக்கு. ஆட்டத்துக்குப் பழகிய உடம்பு.

வந்தவளின் மடியில் ஒரு கைக்குழந்தை தூங்கியது. கணவன் இறந்து ஆறு வாரம் ஆகிறது என்றாள். சாலை ஆய்வுக்கூடத்தில் டெக்னீசியன். எங்கேயாவது சாலை போட்டால் சூடான தார்க்கலவையில் ஒரு வாளி அள்ளி அவரிடம் அனுப்புவார்கள். அதில் தார் எத்தனை பங்கு, கல் எத்தனை பங்கு என்று பிரித்துப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. தார் குறைந்தால் கல் ஒட்டாது, சாலை உதிர்ந்துவிடும்.

பத்து மாதத்துக்கு முன் போட்ட ஒரு சாலைக்கு, நூற்றுக்கு ஐந்து புள்ளி இரண்டு பங்கு தார் இருக்கிறது, சரியான அளவு என்று அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். எட்டே மாதத்தில் அதன் வளைவில் கல் பெயர்ந்தது. வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிய ஒரு நர்ஸ் அந்தக் கல்லில் சறுக்கி விழுந்து இறந்துபோனார். விசாரணைக்காரர்கள் சாலையை வெட்டியெடுத்துச் சோதித்ததில் மூன்று புள்ளி ஒன்பதுதான் இருந்தது.

அதோடு நிற்கவில்லை. கல்லிலிருந்து தாரைக் கழுவி எடுக்க ஒரு கெமிக்கல் வேண்டும். ஸ்டோர் புத்தகத்தைப் புரட்டினால், ஒரு வருடமாக அவர் ஒரு லிட்டர்கூட வாங்கவில்லை. கெமிக்கல் இல்லாமல் சோதனை இல்லை. ஆக, சாலை போட்ட ஒப்பந்தக்காரனிடம் கை நீட்டிவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே எண்ணை எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குக் கடைசி அமர்வு.

"அவர் உசுரோட இருக்கறப்பவே கூப்பிட்டுக் கேட்டாங்களாம் அக்கா, ஏன் கெமிக்கல் வாங்கலைன்னு. தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாராம். ஒரு வார்த்தை பேசலையாம்."

பேசாதவர் வேறொன்று செய்தார். தினமும் விடிந்ததும் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்குப் போய், உதிர்ந்த கல்லைப் பெருக்கி ஓரமாக ஒதுக்கிவிட்டு வேலைக்குப் போனார். ஒன்பதாவது நாள் வளைவில் திரும்பிய லாரி அவரைக் கவனிக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சொல்லி ஊர் அந்தக் கதையை மூடியது.

அவள் கொஞ்ச நேரம் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, விசாரணையில் சொல்லாத ஒன்றை எங்களிடம் சொன்னாள்.

"கல்யாணமாகி ஏழு வருஷம். அவர் சட்டையில எப்பவும் ஒரு வாசனை வரும். தாரும் கெமிக்கலும் கலந்து, மண்டைய இடிக்கிற மாதிரி. ஒரு வருஷமா அது இல்ல. சோதனை செஞ்சிருந்தா வாசனை வந்திருக்கணும்ல? அவர் கையெழுத்த வித்துட்டாரா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரியணும். நாளைக்கு இவ பெரியவளாகிக் கேட்டா நான் ஒரு பதில் சொல்லணும்."

அண்ணி வழக்கம்போல நிறையக் கேட்கவில்லை. குழந்தைக்கு எத்தனை மாதம் என்று மட்டும் கேட்டார். நான்கு முடிந்துவிட்டது, இரண்டு தங்காமல் போய் மூன்றாவதாகத் தங்கியவள் என்றாள். மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். அண்ணி மரியாதைக்காக எதையும் கேட்டதில்லை என்பது எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் ஞாபகம் வரும்.

ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு வாய்த்தவர் ஸ்டோர்கீப்பர். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து, முகத்தில் எதையோ முழுங்கிய பாவனை. ஜன்னலோரம் இருந்த இயந்திரத்தைக் காட்டி முறையைச் சொன்னார். கலவையை எடைபோட்டு அந்த வட்டக் கிண்ணத்தில் கொட்டுவார்கள். கெமிக்கலை ஊற்றிச் சுற்றவிட்டால் தார் கரைந்து, விளிம்பில் வைத்த வடிதாள் வழியாகக் கருப்புத் தண்ணீராக வெளியேறும். கல் உள்ளேயே நிற்கும். கல்லைக் காயவைத்து மறுபடி எடைபோட்டால், குறைந்த எடைதான் தாரின் எடை. அதோடு விடுவதில்லை. கருப்புத் தண்ணீரைச் சூடாக்கிக் கெமிக்கலை ஆவியாக விரட்டி, தாரை மட்டும் ஒரு டப்பாவில் மீட்டு, ஊசியை இறக்கி இளகலா கெட்டியா என்றும் பார்ப்பார்கள். கடைசியில் கல் ஒரு துணிப்பையிலும் தார் ஒரு டப்பாவிலும் அலமாரிக்குப் போகும்.

"விவாகரத்துக் கொடுத்துட்டு ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துல குடிவைக்கிற கோர்ட்ட இப்பதான் பாக்கறேன்" என்றேன். ஸ்டோர்கீப்பர் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருடம் பயணிகளும் இப்படித்தான் என்னைப் பார்த்தார்கள்.

அலமாரியில் பையும் டப்பாவுமாக ஜோடி ஜோடியாக வரிசை போயிற்று. ஒவ்வொன்றிலும் சாலையின் எண்ணும் தேதியும் எழுதிய சீட்டு. ஓரிடத்தில் டப்பாக்கள் நின்றுவிட்டன. விசாரணைக்காரர்கள் அதுவரைக்கும் எண்ணிவிட்டு, டப்பா இல்லை, சோதனையும் இல்லை என்று எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். அண்ணி இல்லாத டப்பாவைப் பார்க்கவில்லை. அதற்கப்புறமும் விடாமல் போய்க்கொண்டிருந்த பைகளைப் பார்த்தார்.

"சோதனையே செய்யாதவர் எதுக்கு சார் கல்லப் பையில கட்டி வைக்கணும்?"

ஸ்டோர்கீப்பர் சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். அண்ணி பழைய ஜோடியிலிருந்து ஒரு பையைப் பிரித்தார். உள்ளே கருங்கல் சல்லி, சுத்தமாக, முனை மழுங்காமல் இருந்தது. அடுத்து, அந்த வளைவுச் சாலையின் பை. முடிச்சை அவிழ்த்ததும் வெள்ளைத் தூள் என் சட்டையில் கொட்டியது. பெரிய கற்கள் மாவு பூசினாற்போல் இருந்தன, சின்னவை விரலால் அழுத்தியதும் உதிர்ந்தன. என் உள்ளங்கை வியர்வையில் அந்தத் தூள் பட்டு அரிக்க ஆரம்பித்தது.

"கல்லுக்குப் பொடுகு வந்து இப்பதான் பாக்கறேன் அண்ணி."

"கழுவிட்டு வா தம்பி. கண்ணுல வெச்சுக்காத" என்றார் அண்ணி. திரும்பி ஸ்டோர்கீப்பரிடம், இதை எங்கே எரித்தார் என்று கேட்டார்.

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பின்கட்டு அறையில் வேறு எதற்கோ வாங்கிப் போட்ட பழைய மின்சாரச் சூளை ஒன்று கிடக்கிறதாம். ஒரு வருடத்துக்கு முன் டெக்னீசியன் வந்து அந்த அறையின் சாவியைக் கேட்டார். கலவையை இரும்புக் கூடையில் வைத்துச் சூளைக்குள் தள்ளினால் தார் முழுக்க எரிந்துபோகும். மிச்சக் கல்லை எடைபோட்டால் அதே கணக்குதான், கெமிக்கல் தேவையில்லை. ஆனால் இங்கே விதிப்படி கழுவித்தான் பிரிக்க வேண்டும். சாவி கொடுத்தது தெரிந்தால் தன் வேலையும் போகும் என்று ஸ்டோர்கீப்பர் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார்.

"ஏன் மாத்தினார்னு கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம். சிரிச்சார். அதுக்கு முந்தின நாள் கெமிக்கல் டிரம்முல ஒட்டியிருக்கற எச்சரிக்கைத் தாள ரொம்ப நேரம் நின்னு படிச்சுக்கிட்டிருந்தார். பதினாலு வருஷமா அவர் கை வெச்ச டிரம்மு. அன்னிக்குத்தான் படிச்சார்."

பின்கட்டு அறையில் சூளை இருந்தது, தராசு இருந்தது, பக்கத்தில் ஓர் ஆணியில் அவருடைய பழைய காக்கிச் சட்டை தொங்கியது. அண்ணி அதைத் தொடாமல் பார்த்துவிட்டு, வளைவுக்குப் போகலாம் என்றார்.

என் ஸ்கூட்டரில் இருபது நிமிடம். வளைவில் சாலை அம்மைத் தழும்பு முகம் மாதிரி இருந்தது. ஓரத்தில், அவர் ஒதுக்கிய கல் நீளமாக ஒரு வரப்புப் போலக் கிடந்தது. அந்த வரப்பு ஓரிடத்தில் பாதியில் நின்றது. பள்ளத்தில் துடைப்பம் கிடந்தது. யாரும் எடுத்துப் போகவில்லை.

வளைவை அடுத்திருந்த சிறு பாலத்துக்கு அந்தப் பக்கம், சாலை போட்டபோது மிஞ்சிய சல்லி ஒரு குவியலாக இருந்தது. தார் படாத வெறுங்கல். அண்ணி ஒன்றை எடுத்து, என் வண்டிச் சாவியை வாங்கிக் கீறினார். வெள்ளையாகக் கோடு விழுந்தது.

"கருங்கல்லுல இப்படிக் கோடு விழாது. இது சுண்ணாம்புக் கல்லு. குவாரிய மாத்திட்டான்."

"இங்க பார்த்தாலே வெளுப்பாத் தெரியுதே. பதினாலு வருஷம் கல்லோட குடும்பம் நடத்தினவருக்குத் தெரியாதா?"

"அவர்கிட்ட கலவையாத்தானே போச்சு. தார் பூசிட்டா எல்லாக் கல்லும் கருங்கல்தான் தம்பி."

மீதியை வண்டியில் போகும்போதே சொன்னார். சுண்ணாம்புக் கல்லை நெருப்பில் போட்டால் கல்லே கொஞ்சம் காற்றாகப் போய் எடை குறையும். முன்னால் ஓர் எடை, பின்னால் ஓர் எடை, குறைந்ததெல்லாம் தார். கணக்கு அவ்வளவுதான். போனது யார் என்று கழித்தல் கணக்கு விசாரிக்காது. ஒப்பந்தக்காரன் தாரைக் குறைத்தான், குறைந்த இடத்தை எரிந்த கல் நிரப்பிக் கொடுத்தது. சோதனையில் தேறியபோது அந்த ஒப்பந்தக்காரனே வாயைப் பிளந்திருப்பான்.

நினைப்பதும் நிரூபிப்பதும் வேறு. குவியலிலிருந்து கொண்டுவந்த கல்லைக் கழுவிக் காயவைத்து, சரியாக ஆயிரம் கிராம் எடுத்து, ஸ்டோர்கீப்பரே கூடையில் வைத்துச் சூளைக்குள் தள்ளினார். பொட்டுத் தார் கிடையாது. நியாயப்படி ஆயிரம் போய் ஆயிரம் வர வேண்டும். எரியவும் ஆறவும் மதியம் முழுக்கப் போயிற்று. ஸ்டோர்கீப்பரும் நானும் தராசைக் காவல் காத்தோம். அண்ணி அந்தக் காக்கிச் சட்டையின் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, ஜன்னலோரம் நின்று படித்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு எடைபோட்டோம். தொள்ளாயிரத்து எண்பத்தாறு.

வெறுங்கல்லில் நூற்றுக்கு ஒன்று புள்ளி நான்கு பங்கு தார் இருக்கிறதாம். ஐந்து புள்ளி இரண்டுக்கும் மூன்று புள்ளி ஒன்பதுக்கும் இடையில் காணாமல் போனது ஏறக்குறைய இதேதான். நான் ஸ்டோர்கீப்பரைக் கட்டிப்பிடிக்காத குறை. மனிதர் லஞ்சம் வாங்கவில்லை, எண்ணை இட்டுக்கட்டவில்லை. எரித்தார், எடைபோட்டார், தராசு காட்டியதை எழுதினார். நாளைக்குப் பத்து மணிக்கு இந்தக் கூடையை அப்படியே மேசையில் வைக்கிறோம் என்றேன்.

அண்ணி நோட்டை என்னிடம் நீட்டினார்.

முதல் பக்கத்தில், சூளையைத் தொட்ட முதல் நாள், தார் இல்லாத கருங்கல்லை மட்டும் எரித்துப் பார்த்திருக்கிறார். ஆயிரம், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. கல் எடை குறையவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே வேலையைத் தொடங்கியிருக்கிறார். அத்தனை ஜாக்கிரதைக்காரர், குவாரி மாறியபோது அதை மறுபடி செய்யவில்லை. மாறியது அவருக்குத் தெரியாது.

கடைசிப் பக்கத்தில் இன்னும் ஒரு வரி. வெறுங்கல், வளைவு. ஆயிரம், தொள்ளாயிரத்து எண்பத்தேழு. அதற்குக் கீழே வேறு எதுவும் எழுதவில்லை.

தேதியைப் பார்த்தேன். நர்ஸ் இறந்ததற்கு மறுநாள்.

நாங்கள் ஒரு நாள் முழுக்க ஓடிக் கண்டுபிடித்ததை அவர் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். இதே கூடை, இதே தராசு. யாரும் பக்கத்தில் இல்லாமல் தனியாக நின்று அந்த எண்ணைப் பார்த்திருக்கிறார். அதற்கு மறுநாள் காலையில்தான் துடைப்பத்தை எடுத்தது.

"அப்ப ஏன் அண்ணி சொல்லல? காசு வாங்கல, கல்லு ஏமாத்திடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திருடன்கிற பேராவது போயிருக்குமே?"

"சூளையில எரிச்சேன்னு சொன்னா, கெமிக்கல ஏன் விட்டேன்னு அடுத்து கேப்பாங்க. அந்தக் கேள்விக்குத்தான் அவர் வாயத் திறக்கல. முதல் பக்கத்துத் தேதியப் பாரு. குழந்தைக்கு நாலு மாசம். பின்னாடி எண்ணிக்கிட்டுப் போ."

எண்ணினேன். டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணிய விரல், அதனால் சட்டென்று வந்துவிட்டது. வந்த பிறகு, வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

சட்டையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வழியில் அண்ணி ஒன்றை மட்டும் திட்டமாகச் சொன்னார். அவள் கேட்டது கையெழுத்தை விற்றாரா என்று. அதற்குப் பதில் சொல்வோம். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

ஒற்றை அறையும் ஒரு சமையற்கட்டுமாகச் சின்ன வீடு. கொடியில் குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவர் கையெழுத்தை விற்கவில்லை என்று அண்ணி முதலில் சொன்னார். பிறகு கல்லைப் பற்றி, நெருப்பைப் பற்றி, மாறிய குவாரியைப் பற்றி. தவறு நடந்தது உண்மை, அதனால் ஓர் உயிர் போனதும் உண்மை, ஆனால் அது ஏமாற்று இல்லை என்றார். அவள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"அப்ப சோதனை செஞ்சிருக்கார்."

"ஒண்ணு விடாம."

"கெமிக்கல் இல்லாம எரிச்சுப் பார்த்திருக்கார். அதான் வாசனை இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்பலேர்ந்து அக்கா?"

ஒரு வருஷம் இருக்கும் என்று அண்ணி பட்டும் படாமலும் சொன்னார். எந்த மாதம் என்று அவள் கேட்டாள். அண்ணி என் பக்கம் திரும்பினார். நான் கொடியைப் பார்த்தேன். நோட்டு அண்ணியின் மடியில் இருந்தது. அவள் எட்டி எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து, தேதியின் மேல் விரலை வைத்தாள்.

"நான்தான் சொன்னேன்."

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப ரெண்டாவது மாசம். வாசல்ல அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே குமட்டும். ஒருநாள் வாந்தி எடுத்துட்டு, இந்த வாசனையோட உள்ள வராதீங்க, இதுவும் தங்காமப் போயிடும்னு சொல்லிட்டேன். மசக்கையில ஆயிரம் சொல்லியிருப்பேன் அக்கா. நான் அத மறந்தே போயிட்டேன். அவர் மறக்கல."

நாளைக்கு இந்த விஷயத்தைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை, கல்லும் நோட்டும் போதும், கெமிக்கலை ஏன் விட்டார் என்று கேட்டால் தெரியாது என்று நாங்களே சொல்லிவிடுகிறோம் என்றார் அண்ணி.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "அந்த நர்ஸோட அம்மா நாளைக்கு வருவாங்கல்ல? அவங்களுக்கும் தெரியணும், என்ன நடந்துச்சுன்னு. எனக்குத் தெரியக்கூடாதுன்னு அவர் சொல்லாமயே போயிட்டார். நான் சொல்றேன்."

கிளம்பும்போது அண்ணி காக்கிச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். சூளைக்கு மாறிய பிறகு போடாமல் ஆணியிலேயே விட்டுவைத்த சட்டை. வீட்டில் இருக்கிற அவர் துணியெல்லாம் சோப்பு வாசனைதான் அடிக்கிறது என்று அவள் முணுமுணுத்தாள். சட்டையை விரித்து முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். கெமிக்கல் எப்போதோ காற்றோடு போயிருக்கும். தார் மட்டும் இருந்தது, நான் நின்ற இடம் வரைக்கும் வந்தது.

பேச்சுச் சத்தத்தில் விழித்த குழந்தை சிணுங்கியது. அவள் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். சட்டை இடையில் இருந்தது. வாசனை பட்டதும் குழந்தை மூக்கைச் சுளித்து முகத்தைத் திருப்பியது.

அவள் சட்டையை விலக்கவில்லை.

"திருப்பாதடி" என்றாள். "உங்கப்பாதான்."